மூன்றாவது ரிமைன்டர்

குருநகர் ஐஸ் பக்ரறியில்
கொம்பிரசர் நின்று பதினொரு நாள்.
அறுந்தது ஒரு பெல்ற்.
புதியதைக் கேட்டுக் கொழும்புக்கு மெயில் எழுதுவது
என் வேலை.
பொது ஆங்கிலத்தில் எனக்கு எஸ்.
அதை நம்பித்தான் இந்தக் கதிரையைத் தந்தார்கள்.

முதல் மெயிலை "ஐ வோன்ற்" என்று தொடங்கினேன்.
வேணும் என்பதற்கு வேறென்ன எழுதுவது?
மனேஜர் யூஜின் தலையில் கைவைத்தார்:
"பிள்ளை, இது சந்தையில நண்டு கேக்கிற மாதிரி.
'வுட் யூ' எண்டு தொடங்கு.
கேள்வி மாதிரி இருக்கோணும்,
ஆனா கேள்வி இல்லை."
அப்படியான வசனங்களை
கல்யாணப் பேச்சில் மட்டுந்தான் கேட்டிருக்கிறேன்.

பெல்ற்றின் அகலத்தில் ஒரு சந்தேகம்.
"ஐ ஹாவ் எ டவுற்" என்று போட்டேன்.
பதில் வந்தது,
எனக்குத் தெரியாத மூன்று பெரியவர்களுக்கும் பிரதியோடு:
எங்கள் கொள்வனவுப் பிரிவில்
சந்தேகத்துக்கு இடமான எதுவும் நடப்பதில்லை.
கீழே பெயர், தில்ருக்ஷி.

அன்றைக்கு நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

பிறகு, நேற்றே அனுப்பியிருக்கலாமே என்று
எழுத நினைத்தேன்.
அந்த ஏகாரத்தை எங்கே வைப்பது?
"யெஸ்ரடே இற்செல்ஃப்" என்றேன்.
கீழே நீலக் கோடு நெளிந்தது
புழு மாதிரி.

யூஜின் சொல்லித் தந்தது "ஜென்ரில் ரிமைன்டர்".
மென்மையாய் ஞாபகப்படுத்துவதாம்.
எனக்குப் புரிந்தது இப்படி:
கொடுத்த காசைக் கேட்டு வந்தவர்
கேற்றைத் தட்டாமல்
சைக்கிள் பெல்லை மட்டும் ஒரு தரம் அடித்துவிட்டு
வேறெங்கோ பார்த்தபடி நிற்பாரே,
அது.
இரண்டு தரம் அடித்தேன்.
கொழும்பில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இங்கே கேற்றடியில் சம்மாட்டி பிலிப்புராசா.
மூன்று வள்ளத்துக் கணவாய் வெயிலில்.
"ஐஸ் எங்கை?"
அவருக்கு இரண்டு சொல் போதும்.
வுட்டும் இல்லை, குட்டும் இல்லை.

இரவு, மூன்றாவது மெயில்.
"கைன்ட்லி" காலில் விழுகிறது.
"அஸ் பெர் மை லாஸ்ற் மெயில்"
சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுகிறது.
"அட் யுவர் ஏர்லியஸ்ற்"
பல்லைக் கடிக்கிறது.
எது வைத்தாலும் நடுவில் ஓர் இடம் காலி.
பிறகு நிரப்பலாமென்று தமிழிலேயே அடித்து வைத்தேன்:
ஒருக்கா.
அழிக்க மறந்து
அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் பதில்.
இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?
என் ஃபோன் 'ஒரு தடவை' என்கிறது.
பெல்ற் ஒரு தடவைக்கு மட்டும் போதுமா?

எப்படி விளக்க?
எண்ணிக்கை இல்லை அது.
உங்களுக்கு ஆயிரம் அலுவல் என்று எனக்குத் தெரியும்,
கதவைப் பாதி திறந்து
தலையை மட்டும் நீட்டுகிறேன்,
ஆனாலும் உள்ளே வராமல் போகமாட்டேன்
என்பது.
எழுதி, அழித்து, எழுதி,
கடைசியில் ஒரே வரி:
"சொறி மிஸ், இற் இஸ் அவர் பிளீஸ்."

எங்களிடமும் ஒன்று இருக்கிறது, என்று வந்தது.
பொட்டக்.
கொஞ்சம் என்று அர்த்தம்.
ஆனால் அதில் கொஞ்சம் எதுவும் இல்லை.
இன்னொன்று,
ஜென்ரில் ரிமைன்டர் என்றால்
நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்றல்லவா
இவ்வளவு நாளும் நினைத்தேன்.

கோபமாகத்தான் இருந்தேன்.
அதை எழுதவில்லை.

வியாழக்கிழமை லொறியில் பெல்ற் வந்தது.
யூஜினும் நானும் மாட்டிப் பார்த்தோம்.
அரை இஞ்சி அகலம் கூட.
கேற்றடியில் பிலிப்புராசாவின் தொண்டை செருமல்.

புது மெயில் திறந்து,
டியர் தில்ருக்ஷி,
ஐ ஹாவ் எ
என்பது வரைக்கும் அடித்துவிட்டு
விரலைத் தூக்கி வைத்திருக்கிறேன்.